யாருடைய தேசிய விளையாட்டு?

கனடாவிலே குடியுரிமை பெற விரும்புவோர் அந்நாட்டின் வரலாறு, ஆட்சிமுறை முதலியவற்றைப் பற்றிய பரீட்சையொன்றிற் சித்தியெய்துதல் வேண்டும். 1983 ஆம் ஆண்டின் பின்னர் இந்நாட்டினின்றும் அங்கு சென்று குடியேறிய நம்மவர் பல்லாயிரவர் இப்பரீட்சைக்கெனப் படித்தவர்களே. அதற்கென அரசாங்கம் வெளியிட்ட கைநூலிலே, விளையாட்டுக்களைப் பற்றிய பகுதியில், ஒரு சிறு வாக்கியம் உண்டு. ஆதிக்குடிகள் முதன்முதலில் ஆடிய பழைய விளையாட்டாகிய லக்றோஸே நாட்டின் உத்தியோகபூர்வமான கோடைகால விளையாட்டு என்பது அதன் பொருள். படிப்போர் அதனை மனனஞ் செய்துகொண்டு அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிடுவர். பரீட்சைக்கு அது போதும். ஆனால், ‘ஆதிக்குடிகள் ஆடிய’ என்ற சொற்களுக்கும் ‘நாட்டின் உத்தியோகபூர்வமான’ என்ற சொற்களுக்கும் இடையே என்ன நிகழ்ந்தது என்பதை அக்கைநூல் கூறவில்லை. ஆடியவர்கள் கொடுத்தார்களா, நாடு எடுத்துக்கொண்டதா?

லக்றோஸைக் கண்டிராத வாசகருக்கு ஒரு சிறு விளக்கம் கூறுவது நன்று. நீண்ட கைப்பிடியையுடைய மட்டையொன்றின் நுனியிலே வலையாலான சிறு பை ஒன்று இருக்கும். ஆடுவோர் அப்பையினாற் பந்தை ஏந்தியும் எறிந்தும், ஏந்தியவாறே ஓடியும், எதிரணியின் கோலுக்குள் அதனைச் செலுத்த முயல்வர். கோல் காப்பவரைத் தவிர வேறெவரும் பந்தைக் கையினால் தொடலாகாது. திறந்த மைதானத்திலே ஆடும் ஆடவர் ஆட்டத்தில் அணிக்குப் பத்துப்பேர். சுவர் சூழ்ந்த சிறு அரங்கில் ஆடும் ஆட்டத்தில் அணிக்கு ஆறுபேர். வேகமும் மோதலும் நிறைந்த ஆட்டம் அது.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த பல இனத்தவரிடையே இவ்வாட்டம் பற்பல வடிவங்களில் வழங்கி வந்தது. அவர்களுள் இன்றளவும் அதனைத் தம் வாழ்வின் நடுவே வைத்திருப்போர் ஹோடனோஷோனி மக்களாவர். ஐரோப்பியர் இவர்களை இரோக்குவா என்றனர். மொஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெக்கா ஆகிய ஐந்து இனத்தவர் ஒன்றிணைந்து அமைத்த கூட்டாட்சியிலே, பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் டஸ்கரோரா இனத்தவரும் சேர்ந்தமையால், இது ஆறு இனங்களின் கூட்டாட்சி எனப்படலாயிற்று. இன்றைய நியூயோர்க் மாநிலத்திலும், எல்லைக்கு அப்பால் ஒன்ராறியோ, கியூபெக் மாகாணங்களிலும் இவர்கள் வாழ்கின்றனர். எல்லை அவர்களுக்கு நடுவே பிற்காலத்தில் வரையப்பட்டது என்பதை மனங்கொள்ளுதல் வேண்டும். எல்லையைக் கடந்து பரந்தவர்கள் அவர்களல்லர்.

மொஹாக் மொழியில் இவ்வாட்டத்துக்கு ‘டெவாரத்தோன்’ என்று பெயர். படைத்தவன் மனிதருக்கு அளித்த ஆட்டம் இதுவென்பது அவர்களது நம்பிக்கை. நோயுற்ற ஒருவருக்காகவும், துயருற்ற ஊருக்காகவும், இருவேறு குலத்தாரிடையே எழுந்த பிணக்கைத் தீர்ப்பதற்காகவும் ஆடுவர். ஆண் குழந்தை பிறந்ததும் அதன் தொட்டிலிலே சிறு மட்டையொன்றை வைப்பதும், ஒருவர் இறந்தாற் பிணத்துடன் அவருடைய மட்டையைப் புதைப்பதும் வழக்கம். சில போட்டிகளில் நூற்றுக்கணக்கானோர் ஆடினர். கோல்களுக்கிடையே மைல்கணக்கான தூரமும் இருந்ததுண்டு. ஆட்டம் நாட்கணக்கில் நீடித்ததுமுண்டு. ஆயினும் இதனை மாசற்ற பொற்காலமாக எண்ணி மயங்கிவிடலாகாது. மருந்தாக ஆடப்படும் ஆட்டமும் அதற்குரிய மரமட்டையும் ஆடவர்க்கே உரியன. பெண்கள் அம்மட்டையைத் தொடுதல் கூடாது என்பது மரபு. அண்மைக்காலத்தில் ஹோடனோஷோனிப் பெண்கள் தமக்கென ஓர் அணியை அமைக்க முற்பட்டபோது தம் சமூகத்துள்ளேயே எதிர்ப்பைச் சந்தித்தனர். மரபு எதுவாயினும் அதனுள்ளும் போராட்டம் உண்டு.

ஐரோப்பியரின் எழுத்தில் இவ்வாட்டம் ஆரம்பத்திலேயே இடம்பெற்றது. யேசுசபைக் குரவரான ஜோன் டி பிரெபெவ், ஹூரன் மக்களிடையே தாம் கண்டவற்றை 1636 ஆம் ஆண்டின் அறிக்கையில் விவரிக்குமிடத்து, நோயாளியின் சுகத்தின் பொருட்டு மந்திரவாதி இவ்வாட்டத்தை ஆடுமாறு விதிப்பதையும் ஊரார் அதற்கெனக் கூடுவதையும் குறிப்பிட்டார். அவருக்கு அது மூடநம்பிக்கை. பிரெஞ்சு மொழியிலே வளைந்த கோலுக்கு ‘குறோஸ்’ என்று பெயர். அப்பெயரே ஆட்டத்துக்கும் நிலைத்தது.

ஆங்கிலேயர் இதனை வேறு விதமாக அறிந்தனர். 1763 ஆம் ஆண்டு ஜூன் 2 ஆந் திகதி, பேரேரிகளின் கரையிலுள்ள மிச்சிலிமக்கினக் கோட்டையின் வெளியே ஒஜிப்வே, சோக் இனத்தவர் லக்றோஸ் ஆடினர். கோட்டைப் படையினர் வாயிலைத் திறந்துவைத்து ஆட்டத்தைப் பார்த்து நின்றனர். பந்து கோட்டைக்குள் வீழ்ந்தது. அதனைத் துரத்துவார் போல ஆடியவர்கள் உள்ளே ஓடினர். பெண்கள் போர்வைகளுள் மறைத்து வைத்திருந்த ஆயுதங்கள் கைமாறின. சிறிது நேரத்தில் கோட்டை வீழ்ந்தது. பொன்ரியாக் என்னும் தலைவனின் பெயரால் வழங்கும் அப்பெரும் எழுச்சியின் ஒரு கட்டம் இது. ஏகாதிபத்தியத்துக்கு எதிராக ஒரு விளையாட்டுப் பயன்பட்ட நிகழ்ச்சிகள் உலக வரலாற்றில் அரிது. இதனை ‘வஞ்சகம்’ என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதி வந்தன. பிரெஞ்சுக்காரர் தோற்றதும், அங்கு வாழ்வோரைக் கேளாமலே அவர்தம் நிலத்தை ஒரு மன்னனிடமிருந்து மற்றொரு மன்னனுக்குக் காகிதத்தில் மாற்றியெழுதிய செயலுக்கு அந்நூல்கள் வேறு சொல்லைப் பயன்படுத்தின.

மொன்றியல் நகரின் மத்தியதர வர்க்கத்து இளைஞர்கள் இவ்வாட்டத்தைக் கையிலெடுத்தது அதன்பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்தாகும். அண்மையிலுள்ள கானவாகே என்னும் மொஹாக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள் ஆடுவதைப் பார்த்து அவர்கள் பழகினர். 1856 ஆம் ஆண்டில் மொன்றியல் லக்றோஸ் கழகம் தோன்றியது. 1860 ஆம் ஆண்டில் வேல்ஸ் இளவரசர் வந்தபோது அவருக்குக் காட்டுவதற்கென ஆட்டமொன்று ஏற்பாடாயிற்று. வேட்டையும் போரும் கலந்த காட்டு விளையாட்டாகக் கருதப்பட்ட ஒன்று பத்தாண்டுக்குள்ளே கனவான்களின் விளையாட்டாக மாறிவிட்டது. மாறியது எவ்வாறு? இங்கேதான் வில்லியம் ஜோர்ஜ் பியர்ஸ் என்பவர் வருகிறார்.

பியர்ஸ் தொழிலாற் பல்வைத்தியர். கனடாவின் முதலாவது பல்வைத்திய சஞ்சிகையைத் தொடங்கியவரும் அவரே. தீவிரமான கனடியத் தேசியவாதி, மிகுந்த ஊக்கமுடையவர். கிறிக்கெற் ஆங்கிலேயருடையது, பேஸ்போல் அமெரிக்கருடையதாகி வந்தது, புதிதாய்ப் பிறக்கவிருந்த கனடா தனக்கென்று ஒரு விளையாட்டை வேண்டிநின்றது. 1860 ஆம் ஆண்டிலேயே பியர்ஸ் ஆட்டவிதிகளைத் தொகுத்துச் சிறு பிரசுரமாக்கியிருந்தார். 1867 ஆம் ஆண்டில் அவற்றை விரித்துத் திருத்தினார். மான்தோற் பந்து போய் இறப்பர் பந்து வந்தது. அணிக்குப் பன்னிருவர் என வரையறையாயிற்று. மைதானத்துக்கு அளவும், ஆடுவோர்க்கு இடப்பெயர்களும், நடுவருக்கு அதிகாரமும் ஏற்பட்டன. அவ்வாண்டு ஜூலை முதலாந் திகதி கனடியக் கூட்டாட்சி உதயமாயிற்று. செப்ரெம்பரில், கிங்ஸ்ரன் நகரிலே கூடிய கழகங்களின் பிரதிநிதிகள் தேசிய லக்றோஸ் சங்கத்தை நிறுவினர். நாட்டையும் விளையாட்டையும் ‘நம்முடையவை’ என ஒருசேர உரிமை கொண்டாடும் வாசகம் ஒன்று அதன் குறிக்கோளுரையாயிற்று.

‘நம்முடையவை’ என்பதன் பொருளைப் பியர்ஸ் தாமே தெளிவாக்கியிருக்கிறார். 1867 ஆம் ஆண்டிற் பத்திரிகையில் எழுதியபோது, ஒருகாலத்தில் இந்தியருக்கு மட்டுமே உரியனவாயிருந்த ஆறுகளையும் ஏரிகளையும் நிலத்தையும் கனடாவுக்குரியனவாகக் கொள்வது போன்றே அவர்களது விளையாட்டையும் புதிய நாட்டின் தேசிய விளையாட்டாகக் கொள்கிறோம் என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். ஒளிவுமறைவற்ற கூற்று! ஆய்வாளர் எவரும் கண்டுபிடித்துக் குற்றஞ்சாட்ட வேண்டிய தேவையை அவர் வைக்கவில்லை. நிலம் போன வழியிலேயே விளையாட்டும் போயிற்று என்று எடுத்துக்கொண்டவரே எழுதிவைத்துவிட்டார்.

1869 ஆம் ஆண்டில் வெளியான அவரது நூலின் தலைப்பே லக்றோஸைக் கனடாவின் தேசிய விளையாட்டு என்று பறைசாற்றியது. இந்தியரின் ஆட்டம் இயற்கையான உடல்வலிமையின்பாற்பட்டது, வெள்ளையரின் ஆட்டமோ விதிக்குட்பட்டதும் அறிவின்பாற்பட்டதும் என்னும் வேறுபாடு அந்நூலெங்கணும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டத்திலும் மட்டை வீச்சிலும் மொஹாக் ஆட்டக்காரரை அக்காலத்து வெள்ளையர் அணிகள் வெல்வது அரிதாயிருந்தது என்பதை நினைவிற்கொண்டு வாசித்தால் இவ்வாதத்தின் தேவை புலப்படும். ஆட்டத்திலே தோற்பவன் விதிகளை எழுதும் அதிகாரத்தைப் பெறும்போது என்ன செய்வான்? வெள்ளையர் கழகம் ஒன்றின் சார்பில், முன்கூட்டியே உடன்பாடு இல்லாதவிடத்து, இந்தியர் எவரும் ஆடலாகாது என்ற விதி அத்தொகுப்பிலே இடம்பெற்றது.

அதைவிட நுட்பமானது அடுத்த படி. 1880 ஆம் ஆண்டிலே அச்சங்கம் தன் பெயரில் ‘அமெச்சூர்’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டது. பணம் பெற்று ஆடியவர் எவரும் சம்பியன் பட்டப் போட்டிகளிற் பங்குபற்றலாகாது என்பது அதன் கருத்து. இதிலே இனத்தின் பெயர் வருவதில்லை. ஆனால், கானவாகே அணியினருக்குப் புரவலரோ மாதச் சம்பளமோ இருந்ததில்லை. பிரயாணச் செலவையும் இழந்த நாட்களின் கூலியையும் அவர்கள் நுழைவுக் கட்டணத்திலிருந்தே பெற்றாக வேண்டும். ஆதலால் அவர்கள் ‘தொழின்முறையாளர்’ ஆயினர். சம்பியன் பட்டப் போட்டிகளினின்றும் விலக்கப்பட்டனர். தங்களுக்குள் ஆடலாம், கண்காட்சியாக ஆடலாம், தேசிய விளையாட்டின் தேசியப் பட்டத்துக்கு மட்டும் ஆடலாகாது. பணத்துக்காக ஆடாமை உயர்ந்த ஒழுக்கம் என்னும் கொள்கை, பணத்தேவை இல்லாத வர்க்கத்தின் கொள்கையே. இக்கொள்கை இனத்துக்கு மட்டும் எதிரானதன்று. மொன்றியல் நகரத்து ஐரிஷ் தொழிலாளரின் அணியாகிய ‘ஷம்றொக்ஸ்’ கனவான் கழகங்களை அடிக்கடி வீழ்த்தி வந்தபோது அவர்களது முரட்டுத்தனத்தைப் பற்றியும், அவர்தம் ஆதரவாளரின் நடத்தையைப் பற்றியும் அதே கனவான்கள் முறையிட்டனர். ஷம்றொக்ஸ் அணியினர் வெள்ளையர் ஆதலின் விலக்கப்படவில்லை, சகித்துக்கொள்ளப்பட்டனர்.

உள்ளூர்ப் போட்டிகளிலே இடமில்லாதவர்களுக்குக் கடல்கடந்த காட்சிகளில் முதலிடம் கிடைத்தது. 1876 ஆம் ஆண்டிற் பியர்ஸ் இரண்டு அணிகளைப் பிரித்தானியாவுக்கு இட்டுச் சென்றார். ஒன்று வெள்ளைக் கனவான்களுடையது. மற்றையது கானவாகே மொஹாக்குகளுடையது. வின்சர் மாளிகையில் விக்ரோறியா மகாராணியார் ஆட்டத்தைக் கண்டுகளித்தார். மொஹாக் ஆட்டக்காரர் இறகும் மணியும் அணிந்து வரவேண்டியிருந்தது. ஆட்டம் முடிந்ததும் ‘போர் நடனம்’ ஆடிக் காட்டவேண்டியிருந்தது. அதே 1876 ஆம் ஆண்டிற்றான் கனடியப் பாராளுமன்றம் இந்தியர் சட்டத்தை நிறைவேற்றி, அம்மக்கள் எங்கு வாழலாம், யாவர் இந்தியர் எனப்படுவர், அவர்தம் சபை எவ்வாறு அமையலாம் என்பவற்றையெல்லாம் தன் கைக்குள் கொண்டுவந்தது. நடனங்களும் விழாக்களும் லண்டனில் விரும்பத்தக்க காட்சியாயிருக்க, அச்சட்டத்தின் 1884 ஆம் ஆண்டுத் திருத்தம் மேற்குக் கரையோர மக்களின் ‘பொற்லாச்’ விழாவைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1883 ஆம் ஆண்டில் மீண்டும் ஒரு சுற்றுப்பயணம் நிகழ்ந்தது. இம்முறை ஆட்டம் பார்க்க வந்தோரிடையே கனடாவுக்கு வந்து குடியேறுமாறு அழைக்கும் பிரசுரங்கள் விநியோகிக்கப்பட்டன. யாருடைய நிலத்திலே குடியேறுவது? மைதானத்திலே ஆடிக்கொண்டிருந்தவர்களின் நிலத்திலேதான்.

ஒலிம்பிக் போட்டிகளிலும் இக்கதை தொடர்ந்தது. 1904 ஆம் ஆண்டு சென் லூயிஸ் நகரில் நடைபெற்ற போட்டியில் வினிப்பெக் ஷம்றொக்ஸ் அணி தங்கப் பதக்கத்தையும், சென் லூயிஸ் அணி வெள்ளிப் பதக்கத்தையும், மொஹாக் அணி வெண்கலப் பதக்கத்தையும் பெற்றன. அம்மொஹாக் அணியின் பெயர்ப்பட்டியல் விசித்திரமானது. கரும்பருந்து, செஞ்சட்டை, புள்ளிவால் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர்களே அதிலுள்ளன. இவற்றிற் சில மொஹாக் இனத்தைச் சேராத வேறு இனத்துத் தலைவர்களுடைய புகழ்பெற்ற பெயர்கள். சர்க்கஸ் விளம்பரத்தில் வரத்தக்க பெயர்களை அணிந்துகொண்டு பதக்கம் வென்றவர்கள் உண்மையில் யாவர் என்பது ஆவணத்தில் மறைந்துபோயிற்று.

1908 ஆம் ஆண்டு லண்டன் போட்டியிலே கனடா பிரித்தானியாவை 14 - 10 என்ற கணக்கில் வென்றது. அதன்பின் லக்றோஸ் பதக்கத்துக்குரிய விளையாட்டாக ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை. உள்நாட்டிலும் அதன் செல்வாக்குக் குன்றியது. மகாதேசாதிபதி மின்ரோ பிரபு 1901 ஆம் ஆண்டில் ஒரு கிண்ணத்தையும், இரயில்பாதை முதலாளி டொனால்ட் மான் 1910 ஆம் ஆண்டில் ஒரு தங்கக் கிண்ணத்தையும் வழங்கியும் பயனில்லை. பணம் கொடுத்து ஆட்டக்காரரை வாங்கும் கழகங்கள் ஒருபுறம், அமெச்சூர் தூய்மை பேசும் சங்கம் மறுபுறம். இவற்றிடையே சிறுவர்க்குப் பயிற்சியளிப்பார் எவருமில்லை. முதலாம் உலக யுத்தம் எஞ்சியதையும் சிதைத்தது. 1925 ஆம் ஆண்டிலே புதிய கனடியச் சங்கம் அமைந்தது. 1931 ஆம் ஆண்டில் மொன்றியல் ஹொக்கி முதலாளிகள், கோடையில் வெறுமையாய்க் கிடந்த தம் அரங்குகளை நிரப்பும் பொருட்டு, அரங்கினுள் ஆடும் சுருங்கிய லக்றோஸை ஊக்குவித்தனர். வாடகை வராத கட்டடத்துக்காகப் பிறந்த ஆட்டவகை அது. ஆனால், எவரும் எதிர்பாராத வண்ணம் ஹோடனோஷோனிக் குடியிருப்புக்களிலே அது வேரூன்றியது. சிறு இடம், சில ஆட்டக்காரர், பலகைச் சுவர் போதுமன்றோ? இன்றும் அவ்வாட்டத்தின் மிகச்சிறந்த வீரர் பலர் அக்குடியிருப்புக்களிலிருந்தே வருகின்றனர்.

மட்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். விளையாட்டு வரலாறு எழுதுவோர் வெற்றி தோல்விகளைப் பேசுவர். மட்டையைச் செய்த கைகளைப் பேசுவதில்லை. ஹிக்கரி என்னும் வன்மரத்தைப் பிளந்து, சீவி, நீராவியில் வேகவைத்து வளைத்து, மாதக்கணக்கில் உலரவிட்டுத் தோல்வாரினாற் பின்னி முடிக்கும் அவ்வேலை மொஹாக் கைவினைஞரின் பரம்பரைத் தொழில். அக்குவசாஸ்னேக் குடியிருப்பைச் சேர்ந்த கோர்ண்வோல் தீவிலே இயங்கிய தொழிற்சாலையொன்று 1960 களில் உலகில் விற்பனையான மட்டைகளுள் மிகப் பெரும்பகுதியைச் செய்துவந்தது. 1968 ஆம் ஆண்டில் அது தீக்கிரையாயிற்று. 1970 ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவின் பால்ரிமோர் நகரக் கம்பெனியொன்று பிளாஸ்ரிக் தலையுடைய மட்டையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இலேசானது, ஒன்றைப்போல மற்றொன்று, எவரும் செய்யலாம். ஆட்டம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலே விரிந்து பெருகியதற்கு அது காரணமாயிற்று என்பதை மறுக்கவியலாது. மரமட்டைத் தொழிலிலே வாழ்ந்த குடும்பங்களுக்கு அது விளைத்ததையும் மறுக்கவியலாது. மருந்தாட்டத்துக்கு மட்டும் இன்றும் மரமட்டையே வேண்டும். ஆதலால் அக்கைவினை முற்றாக மறையவில்லை.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். லக்றோஸ் பாராளுமன்றத்தாற் பிரகடனஞ் செய்யப்பட்ட தேசிய விளையாட்டு என்று கனடியர் பல தலைமுறைகளாக நம்பி வந்தனர். 1859 ஆம் ஆண்டுச் சட்டம் என்பார் சிலர். 1867 ஜூலை முதலாந் திகதிப் பிரகடனம் என்பார் வேறு சிலர். புதிய கனடாவின் முதற் பாராளுமன்றம் கூடியதோ 1867 நவெம்பரில்! கூடாத பாராளுமன்றம் சட்டமியற்றியது எங்ஙனம் என்று எவரும் கேட்டிலர். 1960 களில் லக்றோஸ் சங்கத்தைச் சார்ந்தவர்களே பாராளுமன்றப் பதிவேடுகளைத் துருவிப் பார்த்தனர். அப்படியொரு சட்டம் அகப்படவில்லை. பியர்ஸ் எழுதினார், பத்திரிகைகள் திருப்பி எழுதின, பாடநூல்கள் அவற்றைப் பார்த்து எழுதின. ஒரு கூற்று வரலாறாகியது இவ்வாறே.

உண்மையான சட்டம் வந்தது 1994 ஆம் ஆண்டிலாகும். புதிய ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த நெல்சன் றீஸ் என்னும் உறுப்பினர் ஐஸ் ஹொக்கியைத் தேசிய விளையாட்டாக்கும் சட்டமூலமொன்றைக் கொண்டுவந்தார். லக்றோஸ் ஆதரவாளர் கிளர்ந்தெழுந்தனர். ஈற்றிலே பருவங்களைப் பங்கிட்டுச் சமரசம் காணப்பட்டது: மாரிகாலத்துக்கு ஹொக்கி, கோடைகாலத்துக்கு லக்றோஸ். 1994 மே 12 ஆந் திகதி அரச அங்கீகாரம் பெற்ற அச்சட்டம் இரண்டே பிரிவுகளைக் கொண்டது. தொழின்முறை லக்றோஸ் லீக் தன் போட்டிகளைப் பெரிதும் மாரிகாலத்திலேயே நடத்துகின்றது என்பது வேறு விடயம்! அவ்விரு பிரிவுகளிலும் ஹோடனோஷோனி என்ற சொல் இல்லை. வேறெந்த ஆதிக்குடியின் பெயரும் இல்லை.

ஆனால், இதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் தமது விடையை வகுத்துவிட்டனர். 1983 ஆம் ஆண்டிலே ஒனொண்டாகாத் தலைவர் ஓரன் லையன்ஸ் முதலியோர் இரோக்குவா தேசிய அணியை அமைத்தனர். கனடாவின் அணியிலோ ஐக்கிய அமெரிக்காவின் அணியிலோ இடங்கேட்டு நிற்காமல், தம் கூட்டாட்சியின் பெயராலே, தம் கொடியின் கீழ் ஆடுவதென்பது அவர்களது தீர்மானம். சர்வதேசச் சம்மேளனம் அவர்களை ஏற்றுக்கொண்டது. 1990 ஆம் ஆண்டில், அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் நடந்த உலகப் போட்டிக்கு அவர்கள் ஹோடனோஷோனிக் கடவுச்சீட்டுடன் சென்றனர். ஒரு நூற்றாண்டின் பின்னர், விதிகளை வகுக்கும் மேசையிலே அம்மக்களுக்கு ஓர் ஆசனம் கிடைத்தது. இன்றைக்கு உலகில் ஆதிக்குடியொன்று தன் சொந்தப் பெயரில் உறுப்புரிமை பெற்றிருக்கும் சர்வதேச விளையாட்டுச் சம்மேளனத்தைக் காண்பது அரிது.

கடவுச்சீட்டு விடயம் புதிதன்று. 1923 ஆம் ஆண்டிலே டெஸ்கஹே என்னும் கயூகாத் தலைவர், கூட்டாட்சி வழங்கிய கடவுச்சீட்டுடன் ஜெனீவா சென்று, கனடிய அரசின் தலையீட்டுக்கு எதிராகச் சர்வதேச சங்கத்தின் கதவைத் தட்டினார். அயர்லாந்து, பாரசீகம், பனாமா, எஸ்தோனியா ஆகிய நான்கு சிறு நாடுகள் அவரது முறையீட்டை விசாரிக்குமாறு கேட்டன. பிரித்தானியா குறுக்கே நின்றது. 1924 ஆம் ஆண்டிலே கனடா கிராண்ட் நதிக்கரையிலிருந்த அவர்களது மரபுச் சபையைக் கலைத்துத் தன் சட்டத்தின்படியான சபையொன்றை ஏற்படுத்தியது. டெஸ்கஹே 1925 ஆம் ஆண்டில் இறந்தார். 1927 ஆம் ஆண்டுத் திருத்தம் நிலவுரிமை வழக்குகளுக்குப் பணம் திரட்டுவதையே தடுத்தது. அத்தடை 1951 வரை நீடித்தது.

இந்த வரலாறு தெரிந்தவருக்கு 2010 ஆம் ஆண்டின் நிகழ்ச்சி வியப்பளிக்காது. உலகப் போட்டி அவ்வாண்டு மன்செஸ்ரர் நகரில் நடைபெற்றது. பிரித்தானிய அரசாங்கம் ஹோடனோஷோனிக் கடவுச்சீட்டை ஏற்க மறுத்தது. ஐக்கிய அமெரிக்காவின் இராசாங்கச் செயலாளர் ஹிலறி கிளின்ரன் ஒருமுறைக்கு மட்டுமான விலக்களித்தும் பயனில்லை. அமெரிக்க அல்லது கனடியக் கடவுச்சீட்டைக் காட்டினால் மறுநாளே விமானமேறலாம் என்ற நிலையிலே அவ்விளைஞர்கள் நியூயோர்க்கிலேயே நின்றுவிட்டனர். போட்டி அவர்களின்றியே நடந்தது. உலகப் போட்டியொன்றில் ஆடுவதற்கெனப் பல ஆண்டுகள் உழைத்த இருபது வயதினருக்கு இது சிறிய தியாகமன்று. அத்தாளை மாற்றிக்கொண்டிருந்தால் கெட்டுவிடுமா என்று கேட்டோரும் உண்டு. டெஸ்கஹே ஜெனீவாவுக்குக் கொண்டுசென்ற தாளும் அதுவே.

2014 ஆம் ஆண்டில் டென்வர் நகரில் அவ்வணி வெண்கலப் பதக்கம் பெற்றது. 2018 லும் 2023 லும் அவ்வாறே. 2015 ஆம் ஆண்டில் அரங்கினுள் ஆடும் உலகப் போட்டியை ஒனொண்டாகா நிலத்திலேயே நடத்தினர். வந்திறங்கிய அணியினரின் கடவுச்சீட்டுக்களிலே ஹோடனோஷோனி முத்திரை பதிக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டில் பிறர் இட்ட ‘இரோக்குவா’ என்ற பெயரைக் களைந்து தம் பெயரையே அணிக்குச் சூட்டினர்.

இதற்கிடையே சர்வதேசச் சம்மேளனம் ஒலிம்பிக் வாயிலை நோக்கி நடந்துகொண்டிருந்தது. 2018 ஆம் ஆண்டிலே தற்காலிக அங்கீகாரமும், 2021 ஆம் ஆண்டிலே முழு அங்கீகாரமும் அதற்குக் கிடைத்தன. வாயிலை அணுகும்போது கூட வந்தவரை மறந்துவிடும் இயல்பு சங்கங்களுக்கும் உண்டு போலும். பேர்மிங்ஹாம் நகரில் நடைபெறவிருந்த உலக விளையாட்டு விழாவுக்கான பட்டியல் வெளியானபோது, உலகின் மூன்றாம் இடத்திலிருந்த அணியின் பெயர் அதிலே காணப்படவில்லை; ஒலிம்பிக் குழு இல்லாதவருக்கு இடமில்லை என்பது விளக்கம். கண்டனம் எழுந்தது, முடிவு மாறியது. ஆனால், இடங்கள் நிரம்பியிருந்தன. அப்பொழுது, 2020 செப்ரெம்பரில், அயர்லாந்து அணி தன் இடத்தைத் துறந்து அவர்களுக்கு விட்டுக்கொடுத்தது. 1923 ஆம் ஆண்டின் நான்கு நாடுகளை வாசகர் இங்கே நினைவுகூர்தல் தகும்.

2023 ஒக்ரோபரில், மும்பாயில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு, 2028 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் போட்டியிலே அணிக்கு ஆறுபேர் ஆடும் லக்றோஸைச் சேர்க்கத் தீர்மானித்தது. ஹோடனோஷோனி அணியும் இடம் வேண்டிற்று. அவ்வாண்டு டிசெம்பரில் அமெரிக்க ஜனாதிபதி பைடன் அவ்வேண்டுகோளைப் பகிரங்கமாக ஆதரித்தார். ஒலிம்பிக் குழுவோ, தேசிய ஒலிம்பிக் குழுக்கள் மட்டுமே அணிகளை அனுப்பலாம் என்றது. ஹோடனோஷோனி வீரர்கள் தம் கடவுச்சீட்டுக்கேற்பக் கனடாவுக்கோ ஐக்கிய அமெரிக்காவுக்கோ ஆடலாம் என்றது. இறைமையுள்ள நாடுகளுக்கே இடமுண்டு என்பதுதான் காரணமாயின், போர்ட்டோ றிக்கோவும் குவாமும் ஹொங்கொங்கும் எவ்வாறு தம் கொடிகளோடு அணிவகுக்கின்றன? 1996 ஆம் ஆண்டில் விதி இறுகுவதற்கு முன்னே அவை உள்ளே வந்துவிட்டன என்பதே விடை. வந்த திகதி பார்த்து உரிமை வழங்குவதானால், ஆட்டத்தை உலகுக்குத் தந்தவர்கள் வந்த திகதி எது?

1904 ஆம் ஆண்டிலே கரும்பருந்து, செஞ்சட்டை என்ற பெயர்களோடு ஆடியவர்கள் வென்ற வெண்கலப் பதக்கம், ஒலிம்பிக் ஏட்டில் இன்றும் கனடாவின் கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது.